உச்சிப்புளி பக்கத்து மழலையர் ஆடல் பாடல் வகுப்பு: ஒரு மதிப்புரை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள கடலோரக் கிராமம் ஒன்றில், இரண்டு வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குச் சனிக்கிழமை காலைகளில் ஓர் ஆடல் பாடல் வகுப்பு நடைபெற்று வருகிறது. கூட்டம் பெருகினால் இப்போதுள்ள முறையில் நடத்த இயலாது என்பதால், பெயரையும் முகவரியையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று அதை நடத்தும் ஆசிரியை கேட்டுக்கொண்டார். அதற்கு இசைந்தே எழுதுகிறேன். அந்த வட்டாரத்தில் குடியிருப்போர் விசாரித்தால் எளிதில் தெரிந்துகொள்ளலாம். நான் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு நெடுங்காலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். நான்கு வயதுப் பேத்தியை இந்த வகுப்புக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. பெரியவர்கள் சுவரோரம் அமர்ந்து பார்க்கலாம், விரும்பினால் சேர்ந்தும் ஆடலாம் என்பதால், ஓராண்டுக்கு மேலாக இதை உள்ளிருந்தே கவனித்து வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தயங்காமல் அனுப்பலாம், ஆனால் ஆண்டு விழா நெருங்கும் வாரங்களில் புதிதாகச் சேர்க்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான் என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வகுப்பு நடக்கும் இடம் பழைய ஓட்டு வீடொன்றின் முன்கூடமும் அதை ஒட்டிய மணல் முற்றமும். சுவர்களில் வண்ணப் படங்கள் இல்லை, தொலைக்காட்சி இல்லை, பெரும்பாலான மாதங்களில் ஒலிபெருக்கியும் இல்லை. குழந்தைகள் வெறுங்காலுடன் வர வேண்டும் என்பது ஒன்றுதான் கண்டிப்பான விதி. காலுறை போட்டு வரும் குழந்தை சிமெண்டுத் தரையில் வழுக்கி விழும். அதோடு, தரையை உணராத கால் தாளத்தையும் சரியாக உணராது என்கிறார் ஆசிரியை. ஒரு வகுப்பு ஏறக்குறைய நாற்பது நிமிடம். பதினைந்து குழந்தைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. உதவிக்கு ஊர்ப் பெண் ஒருவர் இருக்கிறார். இவரே பாதி வகுப்பைத் தாங்குகிறார் என்று சொன்னால் மிகையாகாது. அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தாளம் தப்பாமல் ஆடக்கூடியவர்.

தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் எல்லோரும் சேர்ந்து கைதட்டிச் சொல்கிறார்கள். அருள் என்றால் இரண்டு தட்டு, பாத்திமா என்றால் மூன்று, அபிநயா என்றால் நான்கு. பெயருக்குரிய குழந்தை விரும்பினால் எழுந்து அந்தத் தட்டுகளுக்கு ஏற்பக் குதிக்கலாம். விரும்பாவிட்டால் உட்கார்ந்தே இருக்கலாம். பார்வைக்கு இது வருகைப் பதிவு போலத் தோன்றும். எழுத்து கற்பித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்துக் கேட்கப் பழகாத குழந்தைதான் ஒன்றாம் வகுப்பில் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறுகிறது. நம் எழுத்து முறையில் ஒரு தட்டுக்குப் பெரும்பாலும் ஓர் எழுத்து என்று பொருந்திவரும். ஒற்றெழுத்து மட்டும் முந்தைய தட்டுக்குள் அடங்கிவிடும். யாப்பில் அசை பிரிக்கும்போதும் ஒற்றைத் தனியாக எண்ணுவதில்லை. எனவே நான்கு வயதில் பாத்திமாவுக்கு மூன்று முறை தட்டிய கை, பிற்காலத்தில் வெண்பாவை அசை பிரிக்கும் வேலையில் பாதியை முடித்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து நடப்பதும் நிற்பதும். ஆசிரியை ‘தப்பு’ என்னும் தோல் பறை ஒன்றை, சிறிய அளவிலானதை, அடிக்கிறார். அடி கேட்கும்வரை குழந்தைகள் கூடத்தைச் சுற்றி நடக்க வேண்டும். அடி நின்றதும் அப்படியே நின்றுவிட வேண்டும். வேகமாக அடித்தால் ஓட்டம், மெதுவாக அடித்தால் ஆமை நடை. இதைப் பல மழலையர் பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். இங்கே உள்ள வேறுபாடு, முதல் சில நிமிடங்கள் தப்பு குழந்தையைப் பின்தொடர்கிறது என்பதுதான். ஆசிரியை ஏதேனும் ஒரு குழந்தையின் காலடியை மட்டும் உற்றுப் பார்த்து, அந்தக் காலடிக்கு ஏற்ப அடிக்கிறார். தன் நடையே ஓசையாக மாறுவதைக் கண்டுகொண்ட குழந்தையின் முகம் மலரும் விதத்தை நான் சொல்லி விளக்க முடியாது. பிறகு மெல்ல மெல்ல வேகத்தை மாற்றுகிறார். குழந்தை அறியாமலேயே தப்பைப் பின்தொடரத் தொடங்குகிறது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: “புள்ள நம்ம தாளத்துக்கு வரணும்னு நிக்கக் கூடாதும்மா. மொதல்ல நாம அதோட தாளத்துக்குப் போவணும்.”

இதில் உள்ள உண்மையைப் பெரியவர்கள் பலர் அறிவதில்லை. சிறு குழந்தையை அதன் போக்கில் தட்டச் சொன்னால், பெரியவர்கள் தட்டுவதைவிட வேகமாகத்தான் தட்டும். அதன் இயல்பான வேகமே அதுதான். மெதுவான தாளத்தில் நிதானமாக நடப்பது அதற்குக் கடினமான வேலை. பெரியவர்களுக்கு வசதியான வேகத்தில் பாட்டைப் போட்டுவிட்டு, குழந்தை தாளத்தில் நிற்கவில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை. ஆசிரியை வேகமாகத் தொடங்கி மெதுவான இடத்துக்கு வருகிறாரே தவிர, மெதுவாகத் தொடங்குவதில்லை. தப்பு நின்றதும் நிற்கும் பயிற்சியையும் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஓடத் துடிக்கும் உடலை ஓசையைக் கேட்டு அடக்கிக்கொள்ளும் குழந்தை, பின்னாளில் வகுப்பறையில் தன் முறை வரும்வரை காத்திருக்கவும் கற்றுக்கொள்கிறது. என் பேத்தி முதல் சில வாரங்கள் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றாள். யாரும் அவளை இழுக்கவில்லை; பாட்டில் அவள் பெயர் மட்டும் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தூணைச் சுற்றி நடந்தாள், பிறகு கூடத்தைச் சுற்றி நடந்தாள். கற்பிப்பவரிடம் இவ்வளவு பொறுமை இருப்பது அரிது.

இந்த வகுப்பின் உச்சம் வலை இழுக்கும் விளையாட்டுதான். பருமனான கயிறு ஒன்றை முற்றத்து மணலில் நீளமாகப் போடுகிறார்கள். குழந்தைகள் இரண்டு அணியாகப் பிரிந்து அணிக்கொரு முனையைப் பிடித்துக்கொள்கிறார்கள்; நடுவில் வலைக்குப் பதிலாக ஒரு பழைய சேலையில் தேங்காய் மட்டைகளும் பந்துகளும் கட்டப்பட்டிருக்கும். ஆசிரியை முன்பாட்டைப் பாட, குழந்தைகள் பின்பாட்டைச் சொல்லிக்கொண்டே இழுக்க வேண்டும். முன்பாட்டின்போது இழுக்கக் கூடாது. பின்பாட்டின் முதல் அழுத்தத்தில்தான் இழுக்க வேண்டும். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. படகில் சென்று வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரு கூட்டமாக நின்று இழுக்கும் தொழில் அது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டு, அத்தனை கைகளும் ஒரே நொடியில் இழுப்பதற்காகவே தோன்றியது. தாளம் தப்பினால் வலை கோணும், உழைப்பு வீணாகும். இயந்திரம் வைத்து இழுக்கும் இடங்களில் அந்தப் பாட்டுக்கு இப்போது வேலை இல்லை; முதியவர்கள் சிலரிடம் மட்டுமே முழுப் பாட்டுகள் எஞ்சியிருக்கின்றன.

ஆசிரியை அத்தகைய முதியவர் ஒருவரை அழைத்து வந்து, குழந்தைகள் முன்னிலையில் பாடச் சொல்லிக் கேட்டு, மெட்டையும் இழுக்கும் இடத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் சிறுவர்களுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார். நெத்திலி, சூடை, முரல், நகரை என்று மீன்களின் பெயர்கள் வரிசையாக வரும். இந்தக் குழந்தைகளுக்கு அவை பாடப்புத்தகப் பெயர்கள் அல்ல. வீட்டுச் சட்டியில் தினமும் பார்ப்பவை. ஆப்பிளையும் பனிக்கரடியையும் பற்றிய பாட்டை உதட்டளவில் பாடும் குழந்தை, இந்தப் பாட்டை வயிற்றிலிருந்து பாடுகிறது. காத்திருப்பது, ஒரே நேரத்தில் இழுப்பது, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் மூச்சைக் கவனிப்பது, எடுத்துக் கொடுப்பவரை உற்றுக் கேட்பது ஆகிய அனைத்தும் ஒரே விளையாட்டில் அடங்கிவிடுகின்றன. ஏறக்குறைய ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முன்பாட்டு எடுத்துக் கொடுக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. வெட்கப்பட்டு வாய் திறக்காத ஒரு சிறுவன், தன் அப்பா கரைவலைக்குப் போகிறவர் என்ற பெருமையில் ஒரு நாள் முழுக் குரலில் எடுத்துக் கொடுத்ததைக் கேட்டேன். சுவரோரம் இருந்த நாங்கள் எல்லோரும் வாங்கிப் பாடினோம்.

ஆசிரியையின் அலமாரியில் உள்ள நூல்களைப் பார்த்தபோது, இந்த முறை வெறும் உள்ளுணர்வில் அமைந்ததல்ல என்று தெரிந்தது. ஜெனீவா இசைக்கல்லூரியில் கற்பித்த எமில் ஜாக்-தால்குரோஸ், கருவியைத் திறமையாக வாசிக்கும் மாணவர்களுக்கும் தாளம் உடலில் ஊறாமல் இருப்பதைக் கண்டு, நடையையும் அசைவையும் கொண்டு தாளத்தைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். நடந்து நிற்கும் விளையாட்டின் வேர் அங்கே இருக்கிறது. ஹங்கேரியின் ஸோல்டான் கோடாய் கருவிக்கு முன் குரல், அதிலும் தாய்மொழியின் நாட்டுப்பாடல் என்று வலியுறுத்தினார். ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப், பேச்சு, அசைவு, பாட்டு, எளிய தாளக்கருவிகள் ஆகியவற்றைப் பிரிக்காமல் கற்பிக்கும் முறையைக் குனில்ட் கேட்மனுடன் சேர்ந்து வளர்த்தார். மூவரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் இதைச் செய்தவர்கள். நம்மிடம் இது அதற்கு முன்பே இலக்கியமாக இருந்தது என்பதை ஆசிரியை மறக்கவில்லை. பிள்ளைத்தமிழின் பருவங்களை எண்ணிப் பாருங்கள்: ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலையசைத்து ஆடும் செங்கீரை, நாவசைத்துத் தாலாட்டும் தால், ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டும் சப்பாணி, பிறகு தளர்நடையிட்டு வரும் வாரானை, ஆண்பாலில் சிறுபறை, பெண்பாலில் அம்மானையும் ஊசலும். குழந்தையின் உடல் எந்த மாதத்தில் எதற்குத் தயாராகிறது என்பதைக் கவனித்து, அதற்குத் தக்க ஆட்டத்தையும் பாட்டையும் வைத்த மரபு இது. இரண்டு வயதுக் குழந்தைகளுக்கான பகுதியை ஆசிரியை இந்த வரிசையை ஒட்டியே அமைத்திருக்கிறார்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிரட்டைகள், பனை ஓலைக் கிலுகிலுப்பைகள், கோலாட்டக் குச்சிகள், சிப்பிகளைக் கோத்த சரங்கள், இரண்டு ஜோடி ஜால்ரா, ஆட்டுத் தோல் கட்டிய சிறிய கஞ்சிரா ஒன்று. கடையில் வாங்கிய தகரச் சிலம்பு பொருத்திய வளையங்கள் உப்புக் காற்றில் மிக விரைவில் துருப்பிடித்து விடுகின்றன. அவற்றை வாங்குவதை அவர் நிறுத்திவிட்டார். மழைக்காலத்தில் கஞ்சிராவின் தோல் தளர்ந்து ஓசை அமுங்கிப்போகும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிரட்டையும் குச்சியுமே பெரும்பாலும் பயன்படுகின்றன. சிரட்டையின் விளிம்புகள் நன்றாகத் தேய்க்கப்பட்டுள்ளன. ஆனால் சிப்பிச் சரங்கள் எனக்கு ஏற்புடையவை அல்ல. உடைந்த சிப்பியின் முனை கூர்மையானது. சரம் அறுந்தால் சிறு துண்டுகள் இரண்டு வயதுக் குழந்தையின் வாய்க்குள் போகும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று கேட்டேன். அடுத்த வாரமே உயரத்தில் மாட்டிவிட்டார். கிலுகிலுப்பைகளுக்குள் உள்ள விதைகள் வெளியே வராமல் முடைந்திருக்கின்றனவா என்று பெற்றோரும் அவ்வப்போது பார்ப்பது நல்லது.

இறுதியில் பாய் விரித்து எல்லோரும் படுத்துக்கொள்ள, ஆசிரியை தாழ்ந்த குரலில் ஒரு தாலாட்டை முணுமுணுக்கிறார். சில நிமிடங்கள்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் குழந்தை அமைதியாக இருக்கிறது என்பதை எல்லாத் தாய்மார்களும் சொல்கிறார்கள்.

இனி குறைகள். ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரங்களில் இந்த வகுப்பு தன் இயல்பை முற்றிலும் இழந்துவிடுகிறது. கூடத்தின் மூலையில் ஒலிபெருக்கி வந்து அமர்கிறது. திரைப்பாட்டு ஒன்று திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. குழந்தைகள் வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். நன்றாக ஆடுபவர்கள் முன்வரிசையிலும் மற்றவர்கள் பின்வரிசையிலும். கையை எப்போது தூக்க வேண்டும், எப்போது இடுப்பில் வைக்க வேண்டும் என்பது சொல்லிக் கொடுக்கப்படுகிறது. வலைக்கயிறு சுருட்டி வைக்கப்படுகிறது. குழந்தையின் காலடியைப் பார்த்து அடித்த தப்பு, அந்த வாரங்களில் ஆணியில் தொங்குகிறது. மற்ற மாதங்களில் ஆவலோடு கிளம்பும் என் பேத்தி, அந்தச் சனிக்கிழமைகளில் வயிறு வலிக்கிறது என்றாள்.

இதை வெறும் ரசனை வேறுபாடு என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டொமசெல்லோவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை, மூன்றரை, நான்கரை வயதுக் குழந்தைகளைத் தாளத்துக்கு ஏற்ப மேளம் தட்டச் செய்து பார்த்தார்கள். தாளம் ஒலிபெருக்கியிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ வந்தபோது தட்டியதைவிட, எதிரில் ஒரு மனிதர் சேர்ந்து தட்டியபோது குழந்தைகள் தாளத்தோடு நன்றாக இணைந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சேர்ந்து பாடி ஆடிய நான்கு வயதுக் குழந்தைகள், இசையில்லாமல் அதே விளையாட்டை விளையாடியவர்களைவிட ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள். இவற்றுக்கு முன்பே, 2005இல் கனடாவில் ஜெசிகா பிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் ஏழு மாதக் குழந்தைகளிடம் கண்டது இன்னும் வியப்பானது. அழுத்தம் இல்லாத ஒரே தாளத்தைக் கேட்கச் செய்து, சில குழந்தைகளை இரண்டாவது தட்டுக்கு ஒருமுறையும், சில குழந்தைகளை மூன்றாவது தட்டுக்கு ஒருமுறையும் கையில் தூக்கிக் குலுக்கினார்கள். பின்னர் ஒவ்வொரு குழந்தையும் தன் உடல் அசைந்த விதத்துக்குப் பொருந்தும் தாளத்தையே அதிக நேரம் விரும்பிக் கேட்டது. பிறர் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் உருவாகவில்லை. தாளத்தைக் காதுக்குச் சொல்லிக் கொடுப்பது உடல். பார்ப்பது மட்டும் போதாது. ஒலிபெருக்கிக்கு முன் வரிசையாக நின்று, முன்னால் ஆடுபவரைப் பார்த்துக் கையசைக்கும் குழந்தை, இந்த வகுப்பு ஆண்டு முழுவதும் கொடுக்கும் முக்கியமான பொருளை அந்த வாரங்களில் இழக்கிறது.

ஒலியின் அளவும் கவலைக்குரியது. கையடக்க ஒலிக்கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வகுத்த தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்று வைத்த வரம்பை, குழந்தைகளுக்கு 75 டெசிபெல் என்று குறைத்திருக்கிறது. சிறிய கூடத்தில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, பெரிய ஒலிபெருக்கியின் அருகில் நிற்கும் குழந்தையின் காதில் எவ்வளவு விழும் என்பதை அளந்து பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கு நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அந்த அறையில் இரண்டு வயதுக் குழந்தைகள் இருந்தார்கள்.

ஆசிரியையிடம் இதை நேரில் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மேடையில் பிள்ளை ஆடுவதைப் பார்த்தால்தான் கட்டணம் கொடுத்ததற்குப் பலன் இருக்கிறது என்று பெற்றோரில் பலர் நினைப்பதாகவும், விழா இல்லாத ஆண்டில் சேர்க்கை குறைந்ததாகவும் சொன்னார். அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும், வலை இழுக்கும் விளையாட்டையே மேடையில் நடத்தலாமே, பெற்றோரையே பின்பாட்டுப் பாட வைக்கலாமே என்பது என் கருத்து. அதை ஒருமுறை முயன்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். முயன்றால் இந்தப் பத்தி தேவையற்றதாகிவிடும். அதைவிட எனக்கு மகிழ்ச்சி வேறில்லை.

மற்றொரு குறை வயதுக் கலப்பு. இரண்டு வயதுக் குழந்தையையும் ஐந்தரை வயதுக் குழந்தையையும் ஒரே குழுவில் வைத்தால் முன்னது மிதிபடும், பின்னது சலிப்படையும். சிறியவர்களுக்கெனத் தனியாக இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். குதிக்கும் பகுதிக்குச் சிமெண்டுத் தரை கடினமானது. முற்றத்து மணலிலேயே குதிக்க வைக்கலாம். பெருமழை நாட்களில் வகுப்பு இல்லை என்ற செய்தி தாமதமாக வருவதால், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து பேருந்தில் வருபவர்கள் நனைந்தபடி வந்து திரும்பிச் செல்ல நேர்கிறது. இவை எல்லாம் எளிதில் திருத்தக்கூடியவை.

கட்டணம் மாதத்துக்கு 400 ரூபாய். இந்தப் பகுதிக்கு இது சிறிய தொகை அல்ல. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாட்களிலும், படகில் வேலை செய்யும் குடும்பங்களிடம் ஆசிரியை கட்டணம் வாங்குவதில்லை. தொழில் திரும்பியதும் கொடுங்கள் என்று கூடச் சொல்வதில்லை. அந்த மாதங்களுக்குக் கணக்கே இல்லை. அந்தக் காலத்தில் தந்தையர் கரையில் இருப்பதால் பலர் குழந்தைகளோடு வகுப்புக்கு வருகிறார்கள். வலைக்கயிற்றின் மறுமுனையை அவர்கள் பிடிக்கும் வாரங்களே ஆண்டில் மிகச் சிறந்தவை. உங்கள் குழந்தைக்கு இந்த வகுப்பு ஒத்துவருமா என்று பார்க்க விரும்பினால் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து உட்காருங்கள்; வெயிலுக்குத் தண்ணீர்ப் புட்டியும் மாற்றுச் சட்டையும் கொண்டு வாருங்கள்.

வாரத்துக்கு நாற்பது நிமிடத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், திரைக்கு முன் அமர்வது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள். அந்த அளவை எந்த வார வகுப்பாலும் நிரப்ப முடியாது. இங்கே கற்றது வீட்டில் தொடர்ந்தால்தான் பயன். அதற்காக ஆசிரியை ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டைத் தம் குரலிலேயே பாடி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறார். காணொளியாக அனுப்புவதில்லை, அனுப்பினால் குழந்தை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்கிறார். பெரியவர் ஒருவர் கேட்டுப் பழகி, பிறகு குழந்தையோடு பாட வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. குரல் நன்றாக இல்லை என்று தயங்கும் தாய்மார்களிடம், பிள்ளைக்குத் தெரிந்த குரல் உங்களுடையதுதான் என்று சொல்லிப் பாட வைக்கிறார்.

அங்கன்வாடிக்குச் செல்லும் குழந்தைகளுக்கு இது தேவையா என்றும் சிலர் கேட்டார்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். பாட்டும் அசைவும் அங்கே அன்றாடம் உண்டு. உற்சாகமான பணியாளர் கிடைத்த குழந்தைக்குத் தனி வகுப்பு இல்லாமலேயே நிறையக் கிடைத்துவிடும். கட்டணம் சுமை என்றால் அங்கன்வாடியை நம்பி அனுப்பி, வீட்டில் தினமும் பாடினாலே போதும் என்று மனமாரச் சொல்வேன். பெரிய திரையில் ஆங்கிலப் பாட்டுகளை ஓடவிட்டுக் குழந்தைகளை எதிரே உட்கார வைக்கும் மழலையர் பள்ளிகளோடு ஒப்பிட வேண்டியவர்களுக்குத்தான் இந்த வகுப்பின் வேறுபாடு பெரிதாகத் தெரியும். மேலே சொன்ன காரணங்களால், அத்தகைய திரை நேரத்தை நான் இசைக் கல்வி என்று ஏற்பதில்லை.

ஆசிரியையின் நேர்மையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இசையும் ஆட்டமும் அறிவை இத்தனை மடங்கு கூட்டும், பேச்சுக் குறையைத் தீர்க்கும் என்றெல்லாம் அவர் யாரிடமும் சொல்வதில்லை. பின்னாலிருந்து தப்பு அடித்தாலும் திரும்பிப் பார்க்காத ஒரு குழந்தையைக் கவனித்து, அதன் தாயைத் தனியே அழைத்து, முதலில் அரசு மருத்துவமனையில் காது பரிசோதனை செய்யுங்கள் என்று சொன்னார். பரிசோதனைக்குப் பிறகும் அந்தக் குழந்தை வகுப்பில் தொடர்கிறது. தரையில் உள்ளங்கையை வைத்து அதிர்வை உணர்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து கயிறு இழுக்கிறது. அதற்காகவே பெரிய தப்பு ஒன்றைத் தரையோடு ஒட்டி வைத்து அடிக்கிறார்கள்.

சேர்க்க விரும்புவோருக்குச் சில நடைமுறைத் தகவல்கள்: புதிய சேர்க்கை ஜூன் மாதத்திலும் பொங்கலுக்குப் பிறகும் நடைபெறுகிறது. ஆண்டு விழா மார்ச் மாதத்தில் என்பதால், தை மாதத்தில் சேர்த்தால் குழந்தை பழகுவதற்குள் ஒத்திகை தொடங்கிவிடும். ஜூன் மாதமே ஏற்றது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் தங்கள் குழந்தை மேடையேற வேண்டாம் என்று கருதினால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்; அந்த வாரங்களில் உதவியாளர் அத்தகைய குழந்தைகளை முற்றத்தில் வைத்துத் தனியே விளையாட வைக்க இசைந்திருக்கிறார். இதை நானும் மற்றும் சில பெற்றோரும் கேட்டுப் பெற்றிருக்கிறோம். கேட்டால் உங்களுக்கும் கிடைக்கும்.